மகிழ்ச்சி என்பதைச் சிரமம் என்று வாசிக்கவும்

கேட்டதை மட்டும் கொடுத்திருந்தால் இம்கே ஹார்டர்ஸுக்கு இந்த மானக்கேடு வந்திருக்காது. கிழக்கு ஃபிரீஸ்லாந்தில் இருக்கிற ஓஸ்டர்வேலன் வருமான வரி அலுவலகம் அவளிடம் கேட்டது கட்டணம் கட்டிய ரசீதையும் பட்டச் சான்றிதழின் நகலையும்தான். ஆனால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. அரசாங்கத்துக்கு ஒரு தாள் அனுப்ப வேண்டியிருந்தால், நாளைக்குக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்காத பத்துத் தாளையும் துளை போட்டுக் கோத்து அனுப்பிவிடுவார்கள். நாய் செத்துவிட்டது, இனி நாய் வரி கட்ட மாட்டேன் என்று எழுதுகிறவன் அந்த நாயின் தாயார் பெயரையும் சேர்த்து எழுதுவான். இம்கே ஒரு படி மேலே போய்த் தன் ஆய்வேட்டையே உறையில் வைத்தாள். பச்சை நிறக் கெட்டி அட்டை, உள்ளே வரைபடங்கள், முகப்பில் நன்றியுரை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. வடிகால் வாரியத்தில் பொறியாளர். அந்தச் சீமையில் நிலம் கடலைவிடத் தாழ்வு. வாரியத்தின் பம்புகள் நின்றுபோனால் மாடுகள் நீச்சல் பழக வேண்டியதுதான். தலைமுறை தலைமுறையாகச் சதுப்பிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்த வாரியத்துக்கு, இனிமேல் சதுப்பை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நாள் மேலிடத்து உத்தரவு வந்தது. எப்படி வைத்திருப்பது என்று வாரியத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. இம்கே கையைத் தூக்கினாள். வேலையை விடாமல், வார இறுதிகளில் பல்கலைக்கழகத்துக்குப் போய், சதுப்புநில இயலில் மூன்று வருஷம் முதுநிலைப் படிப்புப் படித்தாள்.

கட்டணத்தை அவள் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருந்தது. அவள் கணவன் ஒன்னோ பால் லாரி ஓட்டுகிறவன். அவனிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது, அப்பா காலத்துப் படகு. இம்கே படிக்கப் போகிறேன் என்று சொன்ன வாரம் அதை ஹார்ம் என்கிற நண்பனுக்கு விற்றுவிட்டு வந்து, பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தான். அதற்கு மேல் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. படிப்பு முடிந்ததும் வரி அலுவலகத்தில் சலுகை கேட்டு, வருகிற பணத்தில் படகை மீட்டுத் தருவது என்று இம்கே மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டாள். ஹார்மும் நல்லவன். இந்த இலையுதிர் காலம் வரைக்கும் படகுக்குப் புதுச் சாயம் அடிக்காமல், தன் மாமியார் பெயரை வைக்காமல் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தான்.

சட்டம் அவள் பக்கம்தான் இருந்தது. உன் தொழிலுக்காகப் படித்தால் அந்தச் செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். உன் சொந்த இன்பத்துக்காகப் படித்தால் கூடாது. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் நின்று பாசி அளப்பதை இன்பம் என்று யார் சொல்வார்கள்?

இம்கே சொல்லியிருந்தாள். அதுதான் விஷயம். நன்றியுரையில், மூன்றாம் பக்கத்தில், இப்படி எழுதியிருந்தாள்: "இந்த மூன்று ஆண்டுகளும் எனக்கு மகிழ்ச்சி. படகை விற்று அதை எனக்கு வாங்கித் தந்த ஒன்னோவுக்கு நன்றி."

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது சாதாரணம். அவர்கள் ஒரு தட்டு மீன் வறுவலைப் பார்த்தே ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள். ஆனால் கிழக்கு ஃபிரீஸ்லாந்தில் சொற்கள் பீரோவுக்குள் பூட்டி வைக்கிற பண்டம். விருந்து அமிர்தமாக இருந்தால் "சாப்பிடலாம்" என்பார்கள். புயலில் போன மகன் உயிரோடு திரும்பினால் "கால துடைச்சிட்டு வா" என்பார்கள். அவர்களுடைய உச்சகட்டப் பாராட்டு "குறை சொல்ல முடியாது" என்பது. அதையும் கல்யாணத்துக்கு ஒரு தடவை, சாவுக்கு ஒரு தடவை என்று சிக்கனமாகச் செலவழிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த இம்கே வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவை மகிழ்ச்சி என்று எழுதினாள். நூலகத்துக்குப் போகிற ஆய்வேட்டை எவனும் படிக்கப்போவதில்லை என்கிற தைரியத்தில் எழுதினாள். ஒன்னோ மட்டும் அந்தப் பக்கத்தைப் படித்தான். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். "குறை சொல்ல முடியாது" என்றான்.

வரி அலுவலகத்தின் பதில் நாலு வரிதான். ஆய்வேட்டின் மூன்றாம் பக்கத்தில் மனுதாரரே தாம் மகிழ்ச்சி அடைந்ததாக எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருப்பதாலும், யாதொரு தொழில்நிமித்தச் செலவும் மகிழ்ச்சியை விளைவிக்கக் கூடியதன்று என்பதாலும், மேற்படி படிப்பு சொந்த இன்பத்தின் பாற்பட்டதெனக் கருதிக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

பணம் போனதுகூட இம்கேவுக்கு உடனே உறைக்கவில்லை. அந்தச் சொல்லை யாரோ படித்து, அடிக்கோடு போட்டு, இன்னொருவரிடம் தட்டச்சு செய்யக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் உறைத்தது. குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

அலுவலகத்தில் அவள் கோப்பு டீட்கே என்கிற அதிகாரியிடம் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, உள்ளூர்க்காரர். பென்சில்களை உயரப்படி அடுக்கி வைத்திருந்தார். "மோயின்" என்று வணக்கம் சொல்லி அவளை உட்காரச் சொன்னார். அறைக்கும் காத்திருப்போர் கூடத்துக்கும் நடுவே ஒரு அட்டைத் தடுப்புதான். கூடத்தில் ரொட்டிக்கடைக்காரி உட்கார்ந்திருப்பதை இம்கே வரும்போதே பார்த்திருந்தாள்.

டீட்கே ஆய்வேட்டைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நீதிமன்றத்தில் வாக்குமூலம் வாசிக்கிற குரலில் வாசித்தார்: "இந்த மூன்று ஆண்டுகளும் எனக்கு மகிழ்ச்சி."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பத்திரிகை புரட்டுகிற சத்தம் நின்றது.

"இத நீங்கதான் எழுதினீங்களாம்மா?"

"ஆமா."

"யாரும் கட்டாயப்படுத்தலயே?"

"இல்ல."

"அங்கதான் சிக்கல். கட்டாயப்படுத்தி எழுத வச்சிருந்தா வழி இருக்கு. அதுக்குத் தனிப் படிவமே இருக்கு."

மழையில் நின்றதையும், கால் விரல் விறைத்ததையும், திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது கண் எரிந்ததையும் இம்கே குரலைத் தணித்துச் சொன்னாள். டீட்கே கவனமாகக் கேட்டார். அதையெல்லாம் அவர் நம்புவதாகவும், ஆனால் நம்பிக்கைக்கு அவர் மேசையில் இடம் கிடையாது என்றும் வருத்தத்தோடு சொன்னார். ஆட்சேபணை மனு கொடுக்கலாம். கூடவே, படிப்பில் அவள் பட்ட பாட்டுக்கு ஆதாரம் சேர்த்துக் கொடுத்தால், மேலதிகாரி விசாரணை வைப்பார்.

இம்கே பாடுபட்டதற்கு ஆதாரம் தேடப் புறப்பட்டாள். ரொட்டிக்கடைக்காரி மறுநாள் ரொட்டியைச் சுற்றித் தரும்போது "சந்தோஷமா இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். இம்கே அதற்கப்புறம் அந்தக் கடைக்குப் போகவில்லை. பக்கத்து ஊருக்குப் போய் ரொட்டி வாங்கினாள்.

முதலில் புகைப்படங்கள். களப்பணியில் எடுத்தவை ஏராளம் இருந்தன. மழை இருந்தது, சேறு இருந்தது, இடுப்பு வரை தண்ணீர் இருந்தது. எல்லாவற்றிலும் இம்கே சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்னோ கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து உதவினான்.

"இதுல அழுவுற மாதிரி இருக்கு."

"அது சிரிப்ப அடக்கினது, ஒன்னோ. பேராசிரியரோட பூட்ஸ் சேத்துல சிக்கிக்கிச்சு."

அடுத்தது மருத்துவர் சான்றிதழ். இரண்டு குளிர்காலத்தில் இரண்டு சளிக் காய்ச்சல் பதிவாகியிருந்தன. நோய்நொடிச் செலவு மூன்றாம் மாடியின் அதிகாரத்துக்கு உட்பட்டது, முதல் மாடியில் இருமக்கூட முடியாது என்று டீட்கே அதைத் திருப்பித் தந்தார். வாரியத் தலைவர் ஒரு கடிதம் கொடுத்தார். இந்தப் படிப்பு வாரியத்துக்கு இன்றியமையாதது, ஹார்டர்ஸ் அதை முழு ஈடுபாட்டோடு முடித்தார் என்று நல்லெண்ணத்தோடு எழுதியிருந்தார். டீட்கேயின் பென்சில் ஈடுபாட்டின் கீழே போய் நின்றது.

"ஈடுபாடு சந்தோஷத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி முறையாகுதும்மா" என்றார். "மேல போனா கண்டுபிடிச்சிருவாங்க."

இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசியில் சாட்சியாக மிஞ்சியது ஒன்னோ. தன் மனைவி படாத பாடு பட்டாள் என்று கணவன் வந்து சொன்னால் எந்த அதிகாரியும் நம்புவார் என்று டீட்கே சொன்னார். ஒன்னோ தன் ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு விசாரணைக்கு வந்தான். அவன் பொய் சொல்லிப் பழகாதவன் என்பதை இம்கே யோசித்திருக்க வேண்டும். கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு யோசனை எங்கே ஓடுகிறது.

விசாரணை நடத்தியவர் டாக்டர் ஷ்ட்ரூவே அம்மையார். தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். பெரிய மேசை, அதைவிடப் பெரிய மோதிரம். அந்தச் சீமையில் யாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாலும் தேநீர் கொடுத்தே ஆக வேண்டும். தூக்கில் தொங்கப்போகிறவனுக்கும் மூன்று கோப்பை உண்டு. எல்லோருக்கும் தேநீர் வந்தது. அடியில் கல்கண்டு, மேலே ஒரு கரண்டி க்ரீம். ஷ்ட்ரூவே அம்மையார் தன் உரையைத் தொடங்கினார்.

"அரசாங்கத்துக்கு யாரோட சந்தோஷத்து மேலயும் பொறாம கிடையாது, ஹார்டர்ஸ் அம்மா. நீங்க தாராளமா சந்தோஷமா இருங்க. உங்க சொந்தக் காசுல இருங்க. இது உழைக்கிற ஜனங்களோட வரிப்பணம். அவங்கெல்லாம் வேலைக்குப் போயிச் சந்தோஷமாவா இருக்காங்க? என்னையே எடுத்துக்குங்க. இருபத்தி மூணு வருஷமா இந்தத் துறையில உக்காந்திருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சந்தோஷமா இருந்தேன்னு யாராவது நிரூபிக்கட்டும் பாப்போம்."

யாராலும் முடியாது என்று டீட்கே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு ஒன்னோவைக் கேட்டார்கள். மனைவி வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது எப்படி இருப்பாள்? களைப்பாகவா, சலிப்பாகவா, எரிச்சலாகவா? மூன்று பதிலையும் ஷ்ட்ரூவே அம்மையாரே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒன்னோ ஒன்றைப் பொறுக்கியிருந்தால் போதும். அவன் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பி யோசித்தான்.

"பாடுவா" என்றான்.

"என்னது?"

"கார நிறுத்திட்டு வாசலுக்கு வர வரைக்கும் பாடிக்கிட்டே வருவா. கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி நிறுத்திருவா. முன்னெல்லாம் பாட மாட்டா."

இம்கேவுக்குக் காது மடல் வரை சூடேறியது. தான் பாடியது தனக்கே சரியாகத் தெரியாது. அதை ஒருவன் மூன்று வருஷம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறான், கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமலும் இருந்திருக்கிறான். அதை இப்போது ஒரு அரசு மேசைக்கு முன்னால் வைத்துச் சொல்கிறான். மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். ஒன்னோ இடைஞ்சலாக இருக்கிறதோ என்று காலை மரியாதையாக நகர்த்திக்கொண்டான்.

ஷ்ட்ரூவே அம்மையார் வெற்றியை அவசரப்படாமல் அனுபவித்தார். தன் தேநீர்க் கோப்பையை முன்னால் இழுத்து, கரண்டியை விட்டு, கலகலவென்று கலக்கினார்.

"இதப் பாருங்க. டீ ஒங்க வேலை. க்ரீம் ஒங்க சந்தோஷம். கலந்தாச்சு. இனிமே இதுலருந்து க்ரீமத் தனியாப் பிரிக்க முடியுமா? முடியாது. பிரிக்க முடியாட்டி மொத்தமும் சொந்தச் செலவு. சட்டம் அவ்வளவுதான்."

ஒன்னோ அந்தக் கோப்பையைத் துக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"எங்க ஊர்ல கலக்க மாட்டோம்" என்றான்.

"எத?"

"டீய. க்ரீம் மேலயே நிக்கும். அடியில கசப்பு, அதுக்கும் அடியில கல்கண்டு. ஒண்ணொண்ணா வரும். கலக்குனா எல்லாம் பாழு."

ஷ்ட்ரூவே அம்மையார் டீட்கேயைப் பார்த்தார். டீட்கே தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய கோப்பையில் கலக்காத க்ரீம் வெள்ளை வெளேரென்று மிதந்துகொண்டிருந்தது. மாற்றலாகி வந்த நாளிலிருந்து இந்த ஊரே தன்னை ஏன் தேநீர் நேரத்தில் ஒரு மாதிரி பார்த்தது என்பது அம்மையாருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அதிகாரிகள் அவமானத்தை வீணாக்க மாட்டார்கள். அதிலிருந்தும் ஒரு நடைமுறையை உண்டாக்கிவிடுவார்கள்.

"மேலயே நிக்கும்னா, அள்ளி எடுத்துரலாம் இல்லையா?" என்று கேட்டார்.

"எடுக்கலாம்" என்றான் ஒன்னோ. "எதுக்கு எடுக்கணும்?"

ஷ்ட்ரூவே அம்மையார் அதற்குள் டீட்கே பக்கம் திரும்பி, மகிழ்ச்சி என்கிற சொல் ஆய்வேட்டில் வேறு எங்காவது வருகிறதா என்று விசாரித்தார். வரவில்லை, மூன்றாம் பக்கத்தோடு சரி என்றார் டீட்கே. முழுக்கப் பார்த்தீரா என்று கேட்டதற்கு, மூன்றாம் பக்கம் வரை அலுவலக நேரத்தில் பார்த்ததாகவும், மீதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததாகவும் சொல்லி இருமினார்.

ஆக, தீர்வு கிடைத்தது. மகிழ்ச்சி மேலாக, முகப்பில் மட்டும் மிதக்கிறது. அதை அள்ளி எடுத்துவிட்டால் கீழே இருப்பது கலப்படமில்லாத தொழில். மனுதாரர் தம் நன்றியுரையில் பிழை நேர்ந்துவிட்டதென்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும் பிரதிகளில் பிழை திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும். டீட்கே "மகிழ்ச்சி என்பதைச் சிரமம் என்று வாசிக்கவும்" என்று எழுதிக் காட்டினார். அப்படி எழுதினால் ஒரு பக்கத்தில் இருந்த மகிழ்ச்சி இரண்டாகிவிடும் என்று அம்மையார் பதறிப்போய்த் தடுத்தார். சரியான சொல்லை மட்டும் அச்சடித்துத் தவறான சொல்லின்மேல் ஒட்டுவது என்று முடிவானது.

எந்தச் சொல் என்பதற்கும் ஆலோசனை நடந்தது. வேதனை என்றால் மூன்றாம் மாடிக்குப் போய்விடும். சலிப்பு என்றால் படிப்பில் பயனில்லை என்றாகும். பரவாயில்லை என்று போடலாமே என்றார் ஷ்ட்ரூவே அம்மையார்.

"அது ஆபத்துங்க" என்றார் டீட்கே. "இந்த ஊர்ல பரவாயில்லன்னா பேரானந்தம்னு அர்த்தம்."

சிரமம் என்றே நிலைத்தது. திருத்திய பத்தியை டீட்கே வாசித்தார்: "இந்த மூன்று ஆண்டுகளும் எனக்குச் சிரமம். படகை விற்று அதை எனக்கு வாங்கித் தந்த ஒன்னோவுக்கு நன்றி."

விசாரணையில் இம்கே அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அடுத்த வாக்கியம் வேற மாதிரி ஆயிடுதே. படக வித்து எனக்குச் சிரமத்த வாங்கிக் குடுத்தாருன்னு வருது."

ஷ்ட்ரூவே அம்மையார் அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். "இதுல வரிக்குச் சம்பந்தமான விஷயம் எதுவும் இல்லம்மா. அது அப்படியே இருக்கலாம்" என்று பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

இம்கே பக்கத்தில் இருந்தவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள். ஹார்ம் வாங்கி வைத்திருக்கிற சாய டப்பாவை மட்டும் நினைத்துக்கொண்டாள், நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் கணவனுக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை பிழை என்று அரசாங்கப் பதிவில் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் ஒன்னோ தேநீர் போட்டு வைத்தான். இம்கே கோப்பையைத் தொடவில்லை.

"படகுக்காகத்தான் போட்டேன்" என்றாள்.

"படகு வேணும்னு நான் கேட்டேனா?"

"கேக்கல. நீயும் நான் கேக்காமத்தானே வித்த."

ஒன்னோ கல்கண்டு டப்பாவை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

"ஒட்டிட்டு வா. நான் அந்தப் பக்கத்த எப்பவோ படிச்சிட்டேன். மேல எத ஒட்டினாலும் படிச்சது படிச்சதுதான்."

அந்த வருஷத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். திட்டியிருந்தால் இம்கேவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குனிந்த தலை நிமிராமல் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனாள். கைப்பையில் சீட்டுகள், பசை, ஒட்டியதற்கு ஆதாரமாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்ன கடிதம். நூலகப் பெண்ணிடம் பிழை திருத்தம் என்று சொன்னபோது, என்ன பிழை, அளவில் ஏதாவது தவறா என்று அவள் அக்கறையாகக் கேட்டாள். ஆமாம், அளவில்தான் என்று இம்கே முணுமுணுத்தாள். ஒரு காலத்தில் இதே நூலகப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறியவள். இப்போது சுவரோரமாக, பழைய பேராசிரியர் யாரும் எதிரே வந்துவிடக் கூடாதே என்று, களவாட வந்தவள் மாதிரி போனாள்.

அலமாரியில் இரண்டு பிரதிகள் இருந்தன. இரண்டிலும் சீட்டைக் கச்சிதமாக ஒட்டிவிட்டாள். மூன்றாவது பிரதி வாசகர் ஒருவரிடம் இருப்பதாக நூலகப் பெண் ஜன்னலோர மேசையைக் காட்டினாள். பச்சை அட்டைக்கு மேலே தெரிந்த வழுக்கையை இம்கேவுக்கு அடையாளம் தெரிந்தது. டீட்கே. ஆய்வேட்டின் நடுப்பகுதியில் இருந்தார். உதடு அசைய அசையப் படித்துக்கொண்டிருந்தார்.

சோதனை போட வந்திருக்கிறார் என்று நினைத்து, மிச்சமிருந்த சீட்டை எடுத்து அவசரமாகப் பசை தடவினாள். டீட்கேயும் அவளைப் பார்த்துவிட்டார். திருட்டுத்தனமாக மிட்டாய் தின்று மாட்டிக்கொண்ட முகம் அது. ஆனால் பயந்து போயிருந்த இம்கேவின் கண்ணுக்கு அது அதிகாரியின் முகமாகத்தான் தெரிந்தது.

"மோயின்" என்று எழுந்தார். "கோப்ப மூடியாச்சுன்னா உங்க பிரதிய உங்களுக்கே திருப்பி அனுப்பிரணும். அதான் இங்க வந்து இன்னொரு தடவ படிச்சிக்கிட்டிருக்கேன்." குரல் இறங்கியது. "இந்தப் பாசி, தன் எடைய மாதிரி பல மடங்கு தண்ணியப் புடிச்சு வச்சுக்குதாமே. செத்த பாசிகூட விடாதாமே. நான் பொறந்ததுலருந்து அந்தச் சதுப்பு ஓரமாத்தான் சைக்கிள்ல போயிட்டு வரேன். இத்தன நாளும் அத வெறும் ஈர நெலம்னு நெனச்சேன்."

அவர் கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றின் முனையை வெளியே எடுத்துக் காட்டினார். அந்தப் படிப்பில் சேர்வதற்கான விண்ணப்பம். பெயர் வரைக்கும் நிரப்பியிருந்தார்.

"நம்ம துறையில எனக்கு இதுக்குச் சலுகை கெடைக்காது, அது தெரியும்" என்று சிரித்தார். சிரிப்பு பழக்கமில்லாததால் அது பாதியில் நின்றது. "ஒண்ணு கேக்கலாமாம்மா? ஆபீசுக்காகக் கேக்கல. நெசமாவே சந்தோஷமா இருந்துச்சா?"

இம்கேவுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. விடியற்காலையில் சதுப்பின்மேல் மூடுபனி எழும்புவது, பாசியைப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகுவது, காருக்குள் குரல் தானாகவே பாட்டாக மாறுவது. அதோடு கையிலிருந்த சீட்டும் ஞாபகம் வந்தது. கேட்கிறவர் கையெழுத்துப் போட வேண்டியவர். ஆபீசுக்காகக் கேட்கவில்லை என்று ஆபீஸ் வேறு எப்படிக் கேட்கும்?

"இல்ல" என்றாள். "ஒரு நாளும் இல்ல. எல்லாம் சிரமம்தான்."

டீட்கே அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதிகாரிகள் சந்தேகப்படுகிற பார்வை அல்ல அது. வாசலில் நின்று கதவு திறக்குமா என்று பார்த்துவிட்டு இறங்கிப் போகிறவர்கள் பார்ப்பார்களே, அது.

"அப்படியா" என்றார். "கேட்டதும் நல்லதாப் போச்சு. இந்த வயசுல எதுக்கு."

தாளைப் பைக்குள் திரும்ப மடித்து வைத்தார். ஆய்வேட்டை மூடி, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். ஒட்டியதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், தானே பார்த்துவிட்டதாக எழுதிவிடுகிறேன், திங்கட்கிழமை கையெழுத்தாகிவிடும், படகு வந்துவிடும் என்று சொன்னார். போகும்போது நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

கூப்பிட்டிருக்கலாம். அவர் கோட்டு மாட்டுகிற இடத்தில் வெகுநேரம் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார், கூப்பிடு தூரம்தான். இம்கே கூப்பிடவில்லை. பொய் சொல்வது முதல் தடவைதான் கஷ்டம், உண்மையைத் திரும்பச் சொல்வது ஒவ்வொரு தடவையும் கஷ்டம். கதவு மூடிக்கொண்டது.

மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். சீட்டின் பின்னால் தடவிய பசை பாதி காய்ந்திருந்தது. அவசரமாக ஒட்டியதில் கோணிவிட்டது. சிரமம் மகிழ்ச்சியை முழுக்க மூடவில்லை. சொல்லின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து ஒட்டினால் தாள் கிழிந்துவிடும். அப்படியே விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மொழியில் அங்கே மிஞ்சியது அர்த்தமில்லாத இரண்டு மூன்று எழுத்து. நம் மொழியில் அதே சொல்லின்மேல் அதே சீட்டைக் கோணலாக ஒட்டிப் பாருங்கள். மிஞ்சுவது 'ச்சி' என்கிற ஒன்றுதான். மொழி தெரியாமலே இம்கேவுக்கு அது காதில் விழுந்தது.